பேர் வைக்க முடியாத வியாதியும் அவசரமா வைக்கிற பேரும்

உடம்போட எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்குற ஆட்டோஇம்யூன் வியாதிகளை கண்டுபிடிக்கிறதுல வர்ற குழப்பத்தை பத்தி பேசணும்னா ஒரு பழைய கதையில இருந்து ஆரம்பிக்கணும். 1935ல அமெரிக்காவோட கனெக்டிகட் மாநிலத்துல ஒரு சட்டம் வந்துச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணும் மாப்ளையும் ரத்தம் குடுத்து சிஃபிலிஸ்ங்கிற பால்வினை நோய் இல்லைனு காட்டணும், காட்டினாதான் கல்யாண லைசென்ஸ். பின்னாடியே நிறைய மாநிலங்கள் அதே மாதிரி சட்டம் போட்டுச்சு. நோக்கத்துல தப்பு சொல்ல முடியாது, அப்ப பெனிசிலின் இன்னும் கைக்கு வரல, சிஃபிலிஸ் வயித்துல இருக்கிற குழந்தை வரைக்கும் போய் தாக்குற வியாதி. பிரச்சனை டெஸ்ட்டுல இருந்துச்சு. அந்த டெஸ்ட் கிருமியை தேடாது. மாட்டு இதயத்துல இருந்து எடுத்த ஒரு கொழுப்புக்கு எதிரா நம்ம ரத்தத்துல ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பு புரதம், இருக்கானு மட்டும் பாக்கும், அவ்ளோதான். அந்த கொழுப்பை 1941ல தனியா பிரிச்சு எடுத்தது மேரி பாங்போர்ன்ங்கிற விஞ்ஞானி, அதுக்கு கார்டியோலிபின்னு பேர். சிஃபிலிஸ் இருந்தா அந்த ஆன்டிபாடி வரும், ஆனா சிஃபிலிஸே இல்லாம, உடம்போட எதிர்ப்பு சக்தி தன்னைத்தானே தாக்க ஆரம்பிச்சாலும் வரும். இது அப்ப யாருக்கும் சரியா தெரியாது.

ஒரு தப்பும் பண்ணாத பொண்ணு, கல்யாணம் நிச்சயம் ஆகி ரத்தம் குடுத்துட்டு வந்தா, ரிப்போர்ட்ல சிஃபிலிஸ் பாசிட்டிவ். அந்த காலத்துல, அந்த வீட்டுல, அந்த பொண்ணு என்ன சொன்னா யார் நம்பியிருப்பாங்கனு யோசிச்சு பாருங்க. அதோட சிஃபிலிஸுக்கு மருந்துனு ஆர்சனிக் கலந்த ஊசி வேற போடுவாங்க.

1949ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல நெல்சன், மேயர்னு ரெண்டு பேர் சிஃபிலிஸ் கிருமியையே நேரா வச்சு பாக்கிற டெஸ்ட் ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. அதுக்கு அப்புறம்தான் பழைய பாசிட்டிவ் எல்லாத்தையும் சலிச்சு பாக்க முடிஞ்சுது. அங்கேயே இருந்த மூர்ங்கிற டாக்டர், சிஃபிலிஸ் இல்லாமலே பாசிட்டிவ் காட்டின ஆளுங்களை தொடர்ந்து கவனிச்சாரு. அதுல கணிசமான பேருக்கு, பெரும்பாலும் பொண்ணுங்களுக்கு, சில வருஷம் கழிச்சு லூபஸ் வந்துச்சு, தோல், மூட்டு, கிட்னினு பல உறுப்பை எதிர்ப்பு சக்தியே தாக்குற வியாதி அது. அதாவது ரிப்போர்ட் பொய் சொல்லல, வேற ஒரு உண்மையை சொல்லிட்டு இருந்துச்சு, கேக்கிறவங்கதான் தப்பான கேள்விக்கு பதிலா அதை எடுத்துக்கிட்டாங்க. பின்னாடி 1971லயும் 1982லயும் அமெரிக்க மூட்டுநோய் டாக்டர்கள் சங்கம் லூபஸுக்கு அடையாள பட்டியல் போட்டப்ப, சிஃபிலிஸ் டெஸ்ட் பொய்யா பாசிட்டிவ் காட்டுறதையே ஒரு அடையாளமா சேர்த்தாங்க. தப்பு ரிசல்ட்டே வியாதியோட கையெழுத்தா ஆயிடுச்சு.

1983ல லண்டன்ல கிரஹாம் ஹியூஸ் இன்னும் ஒரு படி போனாரு. இதே குடும்பத்து ஆன்டிபாடி இருக்கிறவங்களுக்கு ரத்தம் உறையுது, சின்ன வயசுல ஸ்ட்ரோக் வருது, கர்ப்பம் திரும்ப திரும்ப கலையுதுனு எழுதினாரு. இன்னைக்கு அதுக்கு ஆன்டிபாஸ்போலிபிட் சின்ட்ரோம்னு பேர். மூணு தடவை கர்ப்பம் கலைஞ்சா நம்ம ஊர்ல அந்த பொண்ணை என்னென்ன சொல்வாங்கனு நான் விவரிக்க வேண்டியதில்ல, சாமியாடி, பரிகாரம், ராசி எல்லாம் வந்து போகும். இந்த வியாதிதான் காரணம்னு தெரிஞ்சா ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் போட்டு பல பேருக்கு குழந்தையை காப்பாத்த முடியுது. நம்ம ஊர் கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற ரத்த டெஸ்ட்ல விடிஆர்எல்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அது அந்த பழைய சிஃபிலிஸ் டெஸ்ட்டோட வாரிசுதான், இப்பவும் அதே கார்டியோலிபினை வச்சுதான் பண்றாங்க. அதுல பாசிட்டிவ் வந்தா புருஷனை சந்தேகப்படுறதுக்கு முன்னாடி உறுதி பண்ற அடுத்த டெஸ்ட்டை எடுக்கணும், அதுவும் இல்லைனு வந்தா லூபஸ் பக்கமும் ஒரு தடவை பாக்கணும்.

இவ்ளோ நீளமா இந்த கதையை சொன்னதுக்கு காரணம், ஆட்டோஇம்யூன் வியாதிகள்ல இன்னைக்கும் நடக்கிற எல்லா குழப்பமும் இதுல இருக்கு. ஒரே ஒரு டெஸ்ட்ல, ஒரே ஒரு நாள்ல பதில் வேணும்னு எல்லாரும் எதிர்பாக்கிறாங்க, ஆனா இந்த வியாதிகள் தவணை முறையில வர்றது. இந்த வருஷம் மூட்டு வலி, அடுத்த வருஷம் வாய்ப்புண், அதுக்கு அடுத்த வருஷம் யூரின்ல புரோட்டீன். ஒவ்வொண்ணுக்கும் வீட்டுல ரெடியா ஒரு காரணம் இருக்கும். முடி கொட்டுதா, தண்ணி மாறினது. வாய்ப்புண்ணா, உடம்பு சூடு, மணத்தக்காளி கீரை சாப்பிடு. மூட்டு வலியா, வாயு. எந்திரிக்கவே முடியல அசதியா இருக்கா, ரத்தம் கம்மி. இதுல ஒவ்வொரு பதிலும் பெரும்பாலான நேரம் சரியாவும் இருக்கும், அதுதான் சிக்கலே. நாலையும் ஒண்ணா வச்சு பாக்கிற ஆள்தான் கிடைக்க மாட்டாங்க, ஏன்னா முடிக்கு ஒரு டாக்டர், மூட்டுக்கு ஒரு டாக்டர், வாய்க்கு பல் டாக்டர்னு நாம ஏற்கனவே பிரிச்சு கொண்டு போயிட்டோம்.

அமெரிக்க ராணுவத்துல சேர்றவங்க ரத்தத்தை சேமிச்சு வைக்கிற பழக்கம் இருக்கு. பின்னாடி லூபஸ் வந்த 130 பேரோட பழைய ரத்தத்தை எடுத்து பாத்தாங்க, 2003ல அந்த ஆய்வு வெளிவந்துச்சு. 115 பேருக்கு வியாதி கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே ஏதோ ஒரு ஆன்டிபாடி ரத்தத்துல இருந்திருக்கு, அதிகபட்சமா 9 வருஷத்துக்கும் மேல. அந்த 9 வருஷமும் அந்த ஆள் நோயாளியா இல்லையா? உடம்பு நல்லா இருந்துச்சு, ஓடியிருப்பாரு, டிரில் பண்ணியிருப்பாரு. அன்னைக்கு எந்த டாக்டர் பாத்தாலும் ஒண்ணும் இல்லைனுதான் சொல்லியிருப்பாரு, அது தப்பும் கிடையாது. இந்த இடத்தை மனசு ஏத்துக்கிறது கஷ்டம், நமக்கு வியாதினா ஒண்ணு இருக்கணும் இல்ல இல்லாம இருக்கணும்.

இதோட மறுபக்கம்தான் ஏஎன்ஏ. மூட்டு வலினு போனா, முடி கொட்டுதுனு போனா, சில சமயம் வெறும் அசதினு போனாலே இப்ப ஏஎன்ஏ எழுதிடுறாங்க, லேப் பேக்கேஜ்கள்லயே அது சேர்ந்து வருது. நம்ம செல்லோட உட்கருவுக்கு எதிரா ஆன்டிபாடி இருக்கானு பாக்கிற டெஸ்ட் அது. லேப்ல ஹெப்-2ங்கிற ஒரு வகை மனுஷ செல்லை ஸ்லைடுல வச்சு, அது மேல நம்ம ரத்தத்தோட சீரத்தை ஊத்தி, ஒளிரும் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க. (அந்த ஹெப்-2 செல் தொண்டை கேன்சர்ல இருந்து வந்ததுனு ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தாங்க, அப்புறம் பாத்தா கர்ப்பப்பை வாய் கேன்சர்ல இருந்து வந்து உலகம் பூரா லேப்கள்ல கலந்து கிடக்கிற ஹீலா செல்தான் அது. வியாதியை அடையாளம் காட்டுற செல்லுக்கே தப்பான அடையாளம்.) சீரத்தை தண்ணி ஊத்தி நீர்க்க வச்சுட்டே போவாங்க, 40 மடங்கு, 80 மடங்கு, 160, 320. எது வரைக்கும் ஒளிருதோ அதுதான் டைட்டர்.

1997ல டான்ங்கிற ஆராய்ச்சியாளரும் அவரோட சேர்ந்த பல லேப்களும் நல்லா ஆரோக்கியமா இருக்கிறவங்க ரத்தத்தை எடுத்து இதே டெஸ்ட்டை பண்ணாங்க. 1:40ல, அதாவது 40 மடங்கு நீர்க்க வச்சப்ப, கிட்டத்தட்ட 32 சதவீதம் பேருக்கு பாசிட்டிவ். 1:80ல 13 சதவீதம். 1:160ல 5. 1:320ல கூட 3 சதவீதத்துக்கு மேல. இப்ப கணக்கு போடுங்க. ஒரு லட்சம் சாதாரண ஆளுங்களை கூட்டிட்டு வந்து டெஸ்ட் பண்ணா 1:80ல மட்டும் 13,000 பேர் பாசிட்டிவ், ஆனா லட்சத்துல லூபஸ் இருக்கிறவங்க சில பத்து பேரை தாண்டாது. அந்த சில பத்து பேர்ல கிட்டத்தட்ட எல்லாருக்கும் பாசிட்டிவ்தான் வரும், ஆனா அந்த 13,000 பேர் கூட்டத்துக்குள்ள அவங்களை எப்படி கண்டுபிடிப்பீங்க? டெஸ்ட் மேல தப்பு இல்ல, யாருக்கு எடுக்கிறோம்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு. ஏற்கனவே மூட்டு வீங்கி, வெயில் பட்டா தோல் தடிச்சு, யூரின்ல புரோட்டீன் போற ஒரு 25 வயசு பொண்ணுக்கு அதே 1:80ஐ விட்டுட முடியாது. செக்கப்னு போன 60 வயசு பெரியம்மாவுக்கு அது பெரும்பாலும் ஒண்ணுமே இல்ல, வயசு ஏற ஏற இந்த பாசிட்டிவ் சாதாரணமா கூடும். தைராய்டு ஆன்டிபாடி இருக்கிறவங்களுக்கும் நிறைய பேருக்கு ஏஎன்ஏ வரும், நம்ம ஊர்ல தைராய்டு மாத்திரை சாப்பிடாத வீடு எத்தனை இருக்கு சொல்லுங்க.

ஏஎன்ஏ நெகட்டிவா இருந்தா, அதுக்குள்ள இருக்கிற குட்டி குட்டி ஆன்டிபாடி பேனலை எல்லாம் எடுக்காதீங்கனு அமெரிக்க ரூமடாலஜி காலேஜ் (முன்ன சொன்ன அதே மூட்டுநோய் டாக்டர்கள் சங்கம்தான்) 2013லயே டாக்டர்களுக்கு சொல்லிடுச்சு. 2019ல வந்த புது லூபஸ் பட்டியல்ல ஏஎன்ஏ வெறும் வாசல் மட்டும்தான், 1:80 இருந்தா உள்ள வரலாம், அதுக்கு அப்புறம் தோல், மூட்டு, கிட்னி, ரத்த அணுக்கள்னு ஒவ்வொண்ணுக்கும் மார்க் போட்டு 10 வந்தாதான் லூபஸ் கணக்குல சேர்ப்பாங்க. அந்த பட்டியல்ல ரெண்டு விதி இருக்கு, ரெண்டும் எனக்கு ரொம்ப பிடிச்சது. எல்லா அறிகுறியும் ஒரே நேரத்துல இருக்கணும்னு அவசியம் இல்ல, முன்ன வந்து போனதும் கணக்கு. ரெண்டாவது, அந்த அறிகுறிக்கு லூபஸை விட பொருத்தமான வேற காரணம் இருந்தா அதுக்கு மார்க் கிடையாது. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா ரெண்டாவது விதியை ஒழுங்கா கடைப்பிடிக்கணும்னா அந்த வேற காரணத்தை எல்லாம் ஒரு டாக்டர் உக்காந்து தேடணும், அஞ்சு நிமிஷ ஓபியில அது நடக்காது. இன்னொண்ணும் சொல்லணும், இந்த பட்டியல் எல்லாம் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கிறதுக்காக உருவானது. 8 மார்க் வந்த ஆளுக்கு லூபஸே இல்லைனு அர்த்தம் ஆகாது, வைத்தியம் வேண்டாம்னும் ஆகாது.

நம்ம ஊர்ல அந்த வேற காரணங்கள் ஒண்ணு ரெண்டு இல்ல. முதல்ல சிக்குன்குனியா. 1973க்கு அப்புறம் காணாம போயிருந்த அது 2005ல திரும்ப வந்து, 2006ல நாடு முழுக்க சந்தேக கேஸ் மட்டும் 13 லட்சத்தை தாண்டுச்சு, தமிழ்நாட்டுல குனிஞ்ச முதுகோட நடந்தவங்களை பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். காய்ச்சல் ஒரு வாரத்துல போயிடும், மூட்டு வலி மாசக்கணக்குல, சிலருக்கு வருஷக்கணக்குல நிக்கும். இப்ப ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது மூட்டுகளை எதிர்ப்பு சக்தியே தாக்குற வியாதியோட 2010 பட்டியலை எடுங்க. சின்ன மூட்டுகளையும் சேர்த்து பத்துக்கு மேல மூட்டு வீங்கினா 5 மார்க், ஆறு வாரத்துக்கு மேல இருந்தா 1, உடம்புல அழற்சி இருக்குனு காட்டுற இஎஸ்ஆர் ரத்த டெஸ்ட் ஏறியிருந்தா 1. மொத்தம் 7, தேவை 6தான். ருமட்டாய்டுக்குனு எடுக்கிற ஆர்ஏ ஃபேக்டர் ரத்த டெஸ்ட் நெகட்டிவா இருந்தாலும் மார்க் கணக்குல சிக்குன்குனியா ஆள் பாஸ். அதனாலதான் மூட்டு வலி ஆரம்பிச்சப்ப காய்ச்சல் இருந்துச்சா, தெருவுல வேற யாருக்கும் வந்துச்சாங்கிற கேள்விகள் ஸ்கேனை விட முக்கியம், அதை கேக்க மறந்தாங்கன்னா நீங்களே சொல்லணும். ஆர்ஏ ஃபேக்டர் பாசிட்டிவ் வந்தாலும் தெளிவு வந்துடாது, டிபி, தொழுநோய், ஹெபடைட்டிஸ் சி, இதய வால்வுல தொத்து, வெறும் வயசு, இது எல்லாத்துலயும் அது பாசிட்டிவ் ஆகும். ஆன்டி சிசிபினு இன்னொரு ரத்த டெஸ்ட் அதை விட நம்பகமானது, ஆனா உண்மையான ருமட்டாய்டு இருந்தும் ரெண்டுமே நெகட்டிவா இருக்கிறவங்க இருக்காங்க.

தொழுநோய்ல விரல் மூட்டு வீங்கும், ஏஎன்ஏ கூட வரலாம், அதை ருமட்டாய்டுனு நினைச்சு வைத்தியம் பண்ண கேஸ்கள் மருத்துவ பத்திரிகைகள்ல நிறைய இருக்கு. தேமல்னு விட்ட இடத்துல தொட்டா உணர்ச்சி இருக்கானு பாத்திருந்தா முடிஞ்சிருக்கும்.

குழந்தைங்க விஷயம் வேற மாதிரி. மூட்டு வலி, ஏஎஸ்ஓ டைட்டர் அதிகம், உடனே தொண்டைத் தொத்துக்கு அப்புறம் மூட்டையும் இதயத்தையும் தாக்குற ருமாட்டிக் காய்ச்சல்னு சொல்லி 21 நாளுக்கு ஒருக்கா பெனிசிலின் ஊசி, வருஷக்கணக்கா. ஏஎஸ்ஓ அதிகம்னா தொண்டையில சமீபத்துல ஒரு பாக்டீரியா வந்து போயிருக்குனு அர்த்தம், ஸ்கூல் போற குழந்தைங்கள்ல அது சர்வ சாதாரணம். ருமாட்டிக் காய்ச்சல்ல மூட்டு வீக்கம் இடம் மாறி மாறி வந்து சில வாரத்துல தானா போயிடும். ஆறு வாரத்துக்கு மேல ஒரே முட்டி வீங்கி நிக்குதுன்னா அது குழந்தைங்களுக்கு வர்ற வாதமா இருக்க வாய்ப்பு அதிகம், அதுக்கு கண்ணையும் செக் பண்ணணும், வலியே இல்லாம கண்ணுக்குள்ள வீக்கம் வந்து பார்வையை கெடுக்கும். ஊசி போட்டுட்டே இருக்கோம்ல, வைத்தியம் நடக்குதுங்கிற நிம்மதியில அந்த கண்ணு போயிடுது.

எல்லாத்துலயும் கஷ்டமானது டிபி. உலகத்து டிபி கேஸ்ல சுமார் நாலுல ஒரு பங்கு இந்தியாவுல. சிறுகுடல் பெருங்குடலோட சேர்ற இடத்துல புண், வயித்து வலி, எடை குறையுது, பயாப்சியில கிரானுலோமாங்கிற சின்ன செல் கூட்டம். இது குடல் டிபியா, இல்ல எதிர்ப்பு சக்தியே குடலை தாக்குற க்ரோன்ஸ் வியாதியா? ரெண்டும் அதே இடத்துல வரும், கேமரால பாத்தாலும் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும், டிபி கிருமியோ பல நேரம் சாம்பிள்ல சிக்கவே சிக்காது. வைத்தியம்தான் நேர் எதிர். க்ரோன்ஸ்னா எதிர்ப்பு சக்தியை அடக்கணும், டிபி இருக்கிற ஆளுக்கு அதை அடக்கினா உடம்பு பூரா பரவும். அப்படி அடக்குறதுக்கு போடுற இன்ஃப்ளிக்சிமாப் மாதிரி ஊசிகள் உள்ள தூங்கிட்டு இருக்கிற டிபியை எழுப்பிவிடும்னு 2001லயே தெரிஞ்சு போச்சு. அதனால நம்ம நாட்டுல டாக்டர்கள் சந்தேகம் வந்தா முதல்ல டிபி மருந்து குடுத்து, ரெண்டு மூணு மாசத்துல திரும்ப கேமரா விட்டு புண் ஆறியிருக்கானு பாக்கிறாங்க. ஆறலைன்னா க்ரோன்ஸ் பக்கம் திரும்புவாங்க. நோயாளி பக்கம் இருந்து பாத்தா டாக்டர் தப்பா கண்டுபிடிச்சு மாசக்கணக்கா வேண்டாத மருந்து குடுத்த மாதிரி தெரியும், கோவமும் வரும். என்னை கேட்டா அது தப்பு இல்ல, ரெண்டுல எது தப்பா போனா ஆபத்து அதிகம்னு பாத்து எடுத்த முடிவு. தப்பு எங்கன்னா, அதை ஆரம்பத்துலயே சொல்லாததுல. "டிபியாவும் இருக்கலாம் க்ரோன்ஸாவும் இருக்கலாம், இந்த மருந்து குடுத்து இந்த தேதியில பாப்போம், ஆறலைன்னா மாத்துவோம்"னு ஒரு வாக்கியம் சொல்லியிருந்தா அந்த ஆள் நடுவுல ஓடிப்போய் வேற ஆஸ்பத்திரியில முதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்க மாட்டாரு.

இதுக்கு நடுவுல ஸ்டீராய்டு. 1948ல மேயோ கிளினிக்ல ஹென்ச் முதல்முதலா ருமட்டாய்டு நோயாளிக்கு கார்டிசோன் போட்டப்ப, படுக்கையில கிடந்தவங்க எந்திரிச்சு நடந்தாங்க, 1950ல நோபல் பரிசும் வந்துச்சு. அந்த அதிசயம் இன்னைக்கும் நடக்குது, அதுதான் தொல்லை. மூட்டு வலினு போன ஆளுக்கு ஒரு ஊசி, மறுநாள் பறந்துட்டு வருவாரு, கைராசி டாக்டர்னு பேர் ஆயிடும். நாட்டு மருந்துனு விக்கிற சில பொடிகள்ல ஸ்டீராய்டு கலந்திருந்ததையும் லேப்ல கண்டுபிடிச்சிருக்காங்க. வலி போனதோட வீக்கம் போச்சு, தடிப்பு போச்சு, இஎஸ்ஆர் இறங்கியாச்சு, பயாப்சி எடுத்தா அதுலயும் ஒண்ணும் தெரியாம போகலாம், லிம்போமா மாதிரி கேன்சர் இருந்தா கூட கொஞ்ச நாளைக்கு மறைஞ்சிடும். அப்புறம் ரூமடாலஜிஸ்ட் கிட்ட போய் நிக்கிறது கோலத்தை அழிச்சிட்டு என்ன கோலம்னு கேக்கிற மாதிரி. அதுக்காக பயந்து போய் சாப்பிட்டுட்டு இருக்கிறதை திடீர்னு நிறுத்திடாதீங்க, சில வாரத்துக்கு மேல சாப்பிட்டிருந்தா உடம்பு தன்னோட சொந்த கார்டிசாலை சுரக்கிறதை குறைச்சிருக்கும், பட்டுனு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து.

தோல் நிறம் பத்தி நம்ம ஆளுங்க பேசவே மாட்டாங்க. லூபஸ்னா முகத்துல செக்கச்செவேல்னு வண்ணத்துப்பூச்சி வடிவத்துல தடிப்புனு புத்தகத்துல போட்டிருக்கும், படம் பூரா வெள்ளைக்கார தோல். நம்ம தோல்ல அது சிவப்பா தெரியாது, கருத்து, பழுப்பா, கொஞ்சம் ஊதா சாயல்ல தெரியும். மங்குனு சொல்லி க்ரீம் தடவிட்டு இருப்பாங்க.

2022 அக்டோபர்ல நடிகை சமந்தா தனக்கு மயோசிடிஸ்னு சொன்னதுக்கு அப்புறம் அந்த வார்த்தை டீக்கடை வரைக்கும் வந்துச்சு. தசையை உடம்பே தாக்குற வியாதி. கை தூக்கி தலை சீவ முடியாது, கீழ உக்காந்தா எந்திரிக்க முடியாது. இதுல ஒரு வழக்கமான குழி இருக்கு. தசை சேதமானா எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ரெண்டும் ஏறும், ஏன்னா அந்த என்சைம் கல்லீரல்ல மட்டும் இல்ல, தசையிலயும் இருக்கு. ஆனா அது வர்றது லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்ங்கிற தலைப்புக்கு கீழ. தலைப்பை பாத்துட்டு லிவர் கெட்டுப்போச்சுனு முடிவு பண்ணி கீழாநெல்லி, பத்திய சாப்பாடு, லிவர் டானிக்னு போயிடுவாங்க, சிலருக்கு லிவர்ல ஊசி போட்டு பயாப்சி வரைக்கும் எடுத்திருக்காங்க. சிபிகேனு ஒரே ஒரு டெஸ்ட் சேர்த்து எடுத்திருந்தா தசைனு தெரிஞ்சிருக்கும். அமிதாப் பச்சனுக்கு 1980கள்ல வந்த மயஸ்தீனியா கிரேவிஸ் இன்னொரு மாதிரி, காலையில நல்லா இருப்பாங்க, சாயங்காலம் ஆக ஆக கண் இமை தொங்கும், மெல்ல முடியாது, பேச்சு குழறும். டாக்டரை காலையில போய் பாத்தா ஒண்ணும் இருக்காது, நடிக்கிறாங்கனு வீட்டுலயே பேர் வாங்கிடுவாங்க. சாயங்காலம் போனுல வீடியோ எடுத்துட்டு போங்க, அதுக்கு மேல நல்ல சாட்சி கிடையாது.

மனசு சம்பந்தப்பட்ட குழப்பம் தனியா சொல்லணும். ஜோசப் டால்மவ்ங்கிற நரம்பியல் டாக்டர் 2007ல ஒரு மூளை வியாதியை அடையாளம் காட்டினாரு, மூளையில இருக்கிற என்எம்டிஏ ரிசெப்டரை உடம்போட ஆன்டிபாடியே தாக்கும். பெரும்பாலும் சின்ன வயசு பொண்ணுங்க. நல்லா இருந்த பொண்ணு சில நாள்ல தூக்கம் போய், யாரோ பேசுறாங்கங்கும், கத்தும், ஆளை அடையாளம் தெரியாது, அப்புறம் வலிப்பு, வாய் கோணல் கோணலா அசையும். நம்ம ஊர்ல இந்த வரிசையை கேட்ட உடனே மனசுல என்ன வரும்னு உங்களுக்கே தெரியும். குணசீலம், ஏர்வாடினு கூட்டிட்டு போவாங்க, படிச்ச குடும்பம்னா மனநல டாக்டர் கிட்ட. சில பொண்ணுங்களுக்கு கர்ப்பப்பை பக்கத்துல சினைப்பையில ஒரு கட்டி இருக்கும், டெரட்டோமா, அதை எடுத்துட்டு ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் குடுத்தா பெரும்பாலானவங்க தேறி வர்றாங்க, மெதுவா, மாசக்கணக்குல. பேய்னு சொன்னதும் தப்பு, பைத்தியம்னு சொன்னதும் தப்பு, ரெண்டுலயும் அந்த பொண்ணுக்கு நேரம்தான் போச்சு.

ஆனா இங்க ஒண்ணு சொல்லாம இருக்க முடியல. "டிப்ரஷன்னு சொல்லிட்டாங்க"னு எழுதுற ஒவ்வொருத்தரும் அதை அவமானமா எழுதுறாங்க. லூபஸ் இருக்கிறவங்களுக்கு மனச்சோர்வு வரும், சில நேரம் வியாதியாலயே, சில நேரம் ஸ்டீராய்டால, சில நேரம் வாழ்க்கை இப்படி ஆச்சேங்கிறதால. டிப்ரஷன்னு சொன்னது பிரச்சனை இல்ல, அதை சொல்லிட்டு மத்ததை எல்லாம் பாக்கிறதை நிறுத்தினதுதான் பிரச்சனை.

பேர் மாறினா மருந்தும் மாறும், அதனாலதான் இவ்ளோ பேச்சு. பார்வை நரம்பும் தண்டுவடமும் பாதிக்கிற நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகாவை ரொம்ப காலம் மூளை, தண்டுவட நரம்போட உறையை எதிர்ப்பு சக்தி தாக்குற மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸோட ஒரு வகைனு நினைச்சாங்க. 2004ல மேயோ கிளினிக்ல வாண்டா லெனன் குழு அதுக்குனு தனி ஆன்டிபாடி இருக்குனு காட்டினாங்க. அப்புறம் பாத்தா ஸ்கிளிரோசிஸுக்கு குடுக்கிற இன்டர்ஃபெரான் மாதிரி சில மருந்துகள் இவங்களுக்கு நல்லது பண்ணாதது மட்டும் இல்ல, மோசமாவே ஆக்குது. இந்த வியாதி ஆசியர்கள்ல ஒப்பீட்டளவுல அதிகம், ஆனா பாடப்புத்தகம் எழுதினது ஸ்கிளிரோசிஸ் அதிகமா இருக்கிற ஊர்கள்ல.

சரி, எந்த பேரும் உறுதியாகாம நடுவுல நிக்கிறவங்க என்ன பண்றது. இதுக்குனே ஒரு பேர் இருக்கு, வகைப்படுத்த முடியாத இணைப்புத்திசு நோய். ஏதோ இருக்கு, எதுனு இன்னும் சொல்ல முடியலனு அர்த்தம். கேட்டா டாக்டருக்கு தெரியல, சமாளிக்கிறாருனு தோணும், ஆனா எனக்கு அது நேர்மையான பேரா படுது. இதுல ஒரு பகுதி ஆளுங்களுக்கு முதல் சில வருஷத்துல லூபஸோ, கண்ணும் வாயும் காயுற ஷோகிரனோ, தோல் இறுகுற ஸ்கிளிரோடெர்மாவோ தெளிவா வெளிவரும். நிறைய பேர் அப்படியே லேசா இருந்துட்டு போயிடுறாங்க, சிலருக்கு ஒண்ணுமே இல்லாம ஆயிடுது. ஆன்டிபாஸ்போலிபிட் டெஸ்ட் பாசிட்டிவ் வந்தா 12 வாரம் கழிச்சு திரும்ப எடுத்து அப்பவும் இருந்தாதான் கணக்குனு விதியே வச்சிருக்காங்க, ஏன்னா ஒரு காய்ச்சல் வந்தா கூட அது தற்காலிகமா ஏறி இறங்கும். அந்த 12 வாரத்தை தாங்க முடியாம நாலு லேப்ல நாலு தடவை எடுத்துட்டு அலையிறவங்க இருக்காங்க, ஒவ்வொரு லேப்பும் ஒவ்வொரு முறையில பண்ணும், நாலு விதமா நம்பர் வரும், குழப்பம்தான் மிச்சம்.

காத்திருக்கிற காலத்துல உருப்படியா பண்ண வேண்டியது எழுதி வைக்கிறது. என்ன வந்துச்சு, எந்த மாசம், எத்தனை நாள், போட்டோ. முன்ன வந்து போனதும் மார்க்ல சேரும்னு சொன்னேன்ல, ஆனா அதை டாக்டர் நம்பணும்னா ஆதாரம் வேணும். யூரின் டெஸ்ட்டையும் பிபியையும் அலட்சியம் பண்ணக்கூடாது, லூபஸ் கிட்னியை வலிக்காமலே தின்னும், கம்மி செலவு டெஸ்ட்ல அது முதல்ல தெரியும். எந்த அறிகுறி வந்தா அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம ஓடி வரணும்னு டாக்டர் கிட்ட கேட்டு வாங்கிக்கணும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில ரூமடாலஜிக்குனு தனித்துறை இருக்கு, வேலூர் சிஎம்சியிலயும் புதுச்சேரி ஜிப்மர்லயும் இந்த வியாதிகளுக்குனே துறை இருக்கு, கூட்டம் இருக்கும், ஆனா எலும்பு டாக்டருக்கும் தோல் டாக்டருக்கும் நடுவுல வருஷக்கணக்கா பந்தாடப்படுறதுக்கு அது மேல்.

கல்யாணம் ஆகாத பொண்ணுங்க வீட்டுல இன்னொரு கொடுமை, உறுதியாகாத வியாதியை கூட மறைக்க சொல்வாங்க, ஃபைலை அம்மா வீட்டு பீரோவுல வச்சுட்டு புகுந்த வீட்டுக்கு போவாங்க. ஆன்டி ரோனு ஒரு ஆன்டிபாடி இருக்கு, அம்மாவுக்கு ஒரு தொந்தரவும் இல்லாம இருக்கலாம், ஆனா அது நஞ்சுக்கொடி வழியா போய் நூத்துல ஒண்ணு ரெண்டு குழந்தைக்கு இதய துடிப்பை அடைச்சு மெதுவாக்கும். கர்ப்ப காலத்துல டாக்டருக்கு அது தெரிஞ்சா நடு மாசங்கள்ல குழந்தையோட இதயத்தை எக்கோல கவனிச்சுட்டே வருவாங்க. பீரோவுல இருந்தா தெரியாது.

கடைசியா, பேர் வைக்கிறதை பத்தியே எல்லாரும் பேசுறோம், வச்ச பேரை எடுக்கிறதை பத்தி யாரும் பேசுறதில்ல. எப்பவோ ஒரு ஏஎன்ஏ, எப்பவோ ஒரு மூட்டு வலி, அப்ப ஆரம்பிச்ச ஹைட்ராக்ஸி குளோரோகுயின், பத்து வருஷமா அதே சீட்டை மெடிக்கல்ல காட்டி வாங்கி சாப்பிடுறவங்க இருக்காங்க. லூபஸ் உண்மையிலயே இருக்கிறவங்களுக்கு அது தங்கமான மருந்து, சொந்தமா நிறுத்தவே கூடாது. ஆனா டோஸ் எடைக்கு ஏத்த மாதிரி இருக்கணும், கிலோவுக்கு தினம் 5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, ஆரம்பத்துல ஒரு தடவை கண் செக், அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் வருஷா வருஷம், இல்லைன்னா விழித்திரை கெடுறது தெரியாமலே போகலாம், கெட்டா திரும்பாது. அதே மாதிரி மெத்தோட்ரெக்ஸேட், ருமட்டாய்டுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுற மாத்திரை, தினமும்னு நினைச்சு சாப்பிட்டு உயிர் போன சம்பவங்கள் உண்டு. இந்த மாதிரி மருந்து சாப்பிடுறவங்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது பழைய ஃபைல் முழுசையும் எடுத்துட்டு போய், எனக்கு இந்த பேரை எதை வச்சு சொன்னீங்க, இன்னைக்கு புதுசா வந்தா இதே பேரைத்தான் சொல்வீங்களானு கேளுங்க. சில டாக்டர்கள் முறைப்பாங்க. நல்ல டாக்டர் ஃபைலை வாங்கி முதல் பக்கத்துல இருந்து படிக்க ஆரம்பிப்பாரு.